பெரியவீடு குரூப்: நிலா பிராஜெக்ட்டும் மண்டபமும்

மீனா: அங்க விடிஞ்சிருச்சா? பெரியப்பா இருக்கீங்களா? நிலா நாளைக்கு கிளாஸ்ல பேசணும், அமெரிக்க ஜனாதிபதிக்கான 1796 எலக்‌ஷன்ல பென்சில்வேனியா மாநிலம் எப்படி ஓட்டு போட்டுச்சுன்னு. ஜெபர்சனுக்கு 14, ஆடம்ஸுக்கு 1னு போட்டிருக்கு, ஆனா ஜனங்க போட்ட ஓட்டு கிட்டத்தட்ட சமமாம். அது எப்படிம்மானு கேக்கறா, எனக்கு சொல்லத் தெரியல

அம்மா: பிள்ளை சாப்டுச்சா

மீனா: சாப்டா மா. தோசை

அத்தை: மண்டபக்காரர் ரெண்டு தடவ போன் பண்ணிட்டார். அம்மாவோட எண்பதுக்கு 14ஆ 21ஆன்னு இன்னைக்கே சொல்லணும்

பெரியப்பா: மீனா, பிள்ளைய பக்கத்துல உக்கார வச்சு படிச்சுக் காட்டு. அப்ப ஜனங்க நேரா ஜனாதிபதிக்கு ஓட்டு போடல, எலக்டர்னு 15 பேர தேர்ந்தெடுத்தாங்க, அந்த 15 பேர்தான் பிறகு கூடி ஜனாதிபதிக்கு ஓட்டு போடுவாங்க. தொகுதி தொகுதியா பிரிக்கல, மாநிலம் முழுக்க ஒரே கணக்கு, அதனால கொஞ்ச ஓட்டு கூட வாங்கின பக்கம் மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிரும். நவம்பர் 4 அன்னைக்கு விழுந்தது 24,000 சொச்சம் ஓட்டுதான்

பிரபு அண்ணா: அப்ப 14

அத்தை: 14ந்தேதியா? சரி சொல்லிடறேன்

பிரபு அண்ணா: ஐயோ அத்தை இல்ல, ஜெபர்சனுக்கு 14

பெரியப்பா: இதுல முக்கியமான விஷயம் ஓட்டுச் சீட்டு. அச்சடிச்ச சீட்டு செல்லாது, 15 பேரையும் கையால எழுதின சீட்டுதான் பெட்டில விழணும். ஜான் பெக்லினு ஒருத்தர், பிரதிநிதிகள் சபையோட கிளார்க், ஜெபர்சன் பக்கம். அவர் ஆளுங்க கையால எழுதின சீட்டு 30,000 மாநிலம் பூரா போச்சு. முப்பதாயிரத்தையும் பதினஞ்சால பெருக்கிப் பாரு, நாலரை லட்சம் பெயர எழுதியிருக்காங்க, அதுவும் இறகுப் பேனால. எனக்கு இத நினைச்சாலே சிலிர்க்குது

நிலா (அம்மா போன்ல): தாத்தா அவங்க கை வலிக்கலயா

பெரியப்பா: வலிச்சிருக்கும் கண்ணு. நீ ஒரு சீட்டு எழுதி கிளாஸ்ல காட்டு. முதல்ல தாமஸ் மெக்கீன், மாநிலத் தலைமை நீதிபதி. அப்புறம் பீட்டர் மியூலன்பர்க், விடுதலைப் போர்ல ஜெனரல், ஜெர்மன் குடும்பம். எல்லாருக்கும் தெரிஞ்ச பேரா பாத்துப் போட்டாங்க

பிரபு அண்ணா: ஜெபர்சன் எந்தக் கட்சி பெரியப்பா, ரிபப்ளிகன்னு போட்டிருக்கு. இப்ப இருக்கறதா

பெரியப்பா: இல்லப்பா, பேர் மட்டும்தான் ஒண்ணு. இப்ப இருக்கறது 1854ல வந்தது. ஆடம்ஸ் பெடரலிஸ்ட் கட்சி. மேற்குப் பக்கத்து விவசாயிகளுக்கு பெடரலிஸ்ட் மேல கோவம், சாராயத்துக்கு வரி போட்டு, எதிர்த்தவங்க மேல 1794ல பட்டாளத்தையே அனுப்பினாங்க

அம்மா: மீனா அந்த ஊர்ல இப்ப குளிரா

பெரியப்பா: ஜெபர்சனுக்கு 15ம் கிடைச்சிருக்கணும். தென்மேற்கு மூலைல கிரீன் கவுண்டி, அங்கேருந்து கணக்கு நேரத்துக்கு வந்து சேரல. ஓட்ட ஒவ்வொரு எலக்டருக்கும் தனித்தனியா எண்ணுவாங்க, அதனால பெடரலிஸ்ட் ரெண்டு பேர் உள்ள வந்துட்டாங்க. அதுல ஒருத்தர் சாமுவேல் மைல்ஸ், பிலடெல்பியா மேயரா இருந்தவர். ஆடம்ஸுக்குப் போடுவார்னு நம்பி அனுப்பினா ஜெபர்சனுக்குப் போட்டுட்டார். அப்படித்தான் 13 ஓட ஒண்ணு சேந்து 14. ஒரு பெடரலிஸ்ட் பத்திரிகைல எழுதினார், நான் மைல்ஸ அனுப்பினது சொன்னதச் செய்யறதுக்கு, யோசிக்கறதுக்கு இல்லன்னு

அத்தை: நம்ம வீட்லயும் ஒருத்தர அப்படி அனுப்பினோம்

அத்தை: கிணத்தடி நிலத்துக்கு கையெழுத்து போட்டுட்டு வான்னு

மீனா: அத்தை வேண்டாம்

சித்தப்பா: அக்கா நான் படிச்சிட்டுதான் இருக்கேன். அன்னைக்கு அங்க போனதும் அப்பா வச்ச தென்னைங்க எதுக்க நிக்குது. என் கை போகல. இன்னைக்கு வரைக்கும் அது தப்புன்னு எனக்குத் தோணல

அத்தை: எனக்கு அப்ப பணம் தேவைப்பட்டுச்சு தம்பி. அதையும் நினைச்சிருக்கலாம்

பிரபு அண்ணா: 🙏

பெரியப்பா: ரெண்டு பேரும் நேர்ல பேசுங்க. மீனா, கடைசியா இதையும் எழுதச் சொல்லு. மொத்தக் கணக்குல ஆடம்ஸ் 71, ஜெபர்சன் 68. ரெண்டாவது வந்தவர் துணை ஜனாதிபதி, அதான் அப்ப சட்டம், 1804லதான் மாத்தினாங்க. எதிர் எதிரா நின்ன ரெண்டு பேரும் நாலு வருஷம் ஒரே அரசாங்கத்துல இருந்தாங்க

நிலா (அம்மா போன்ல): தாத்தா மைல்ஸ் பண்ணது ரைட்டா ராங்கா? மிஸ் கேப்பாங்க

பெரியப்பா: நான் தப்புன்னுதான் சொல்லுவேன் கண்ணு. அவர் பேரச் சீட்டுல எழுதினவன் ஆடம்ஸ் வருவார்னு நம்பி எழுதினான்

சித்தப்பா: நிலா, மனசுக்கு சரின்னு பட்டதச் செஞ்சார்னும் ஒரு வரி எழுதிக்கோ

அம்மா: பிள்ளைய தூங்க விடுங்க

அத்தை: மண்டபம்???

பிரபு அண்ணா: எனக்கு 21தான் லீவு

அம்மா: 14 முகூர்த்த நாள், சமையல்காரர் கிடைக்க மாட்டார்

சித்தப்பா: அட்வான்ஸ் குடுக்க நான் போறேன். எந்தத் தேதின்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க, அதையே புக் பண்றேன்

அத்தை: நானும் வரேன். பத்தரைக்கு பஸ் ஸ்டாண்டுல நில்லு

மீனா: நிலா ஏழு பேர் எழுதிட்டா, கை வலிக்குதுன்னு படுத்துட்டா. மீதிய காலைல எழுதுவாளாம்