முழு உரிமையும் கேட்கிறார்கள், என்ன சொல்லலாம்?
நண்பர்களே, முழுநேர ஓவியராக இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். 32 பக்கச் சிறுவர் புத்தகத்துக்குப் படம் வரைய ஒரு பதிப்பகம் அழைத்திருக்கிறது. தொகை பரவாயில்லை. ஒப்பந்தத்தில்தான் சிக்கல்: பதிப்புரிமை முழுவதும் அவர்களுக்கே, காலவரம்பே இல்லாமல். நாளை அதே படங்களைப் பொம்மை, நாட்காட்டி என்று எதில் போட்டாலும் எனக்கு ஒன்றும் வராது. என் போர்ட்ஃபோலியோவில் வைக்கக்கூட அனுமதி கேட்க வேண்டிவரலாம். அச்சுப் புத்தகத்துக்கு மட்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உரிமம் தருகிறேன் என்றால் வேலை கைநழுவிப் போகுமோ?

இப்படிப் பேசி மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த வரியில் தொடங்கினீர்கள்?

அப்புறம், திருத்தங்களைப் பென்சில் வரைவிலேயே முடிக்க வேண்டும் என்று எழுதி வாங்க முடியுமா? வண்ணம் தீட்டிய பிறகு முகத்தைத் திருப்பச் சொன்னால் அது புதுப் படம்தான். மாதிரி ஒப்பந்தம் இருந்தால் பெயர்களை மறைத்துப் பகிருங்கள்.