கிராஸ்ஹாப்பருக்குள் பாயிண்ட் கிளவுட்: உங்கள் அனுபவம் எப்படி?

ரைனோ என்ற 3டி வரைதல் மென்பொருளுக்குள் இயங்கும் கிராஸ்ஹாப்பரில், லேசர் ஸ்கேன் தரும் கோடிக்கணக்கான புள்ளிகளை (பாயிண்ட் கிளவுட்) எப்படிக் கையாள்கிறீர்கள்? நானே ஆரம்பிக்கிறேன். காரைக்குடியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு. பழுதுபார்ப்பதற்கு முன், வளவுத் (உள்முற்றத்) தூண்களில் எவை சாய்ந்திருக்கின்றன என்று தெரிய வேண்டும். சர்வேயர் லேசர் ஸ்கேன் எடுத்து ஈ57 என்ற வகை ஸ்கேன் கோப்பாகக் கொடுத்தார்.

ரைனோவில் திறந்தால் தூண்களையே காணோம். புள்ளிகள் எல்லாம் பட்டை பட்டையாக நின்றன. ஸ்கேனில் கோளாறு இல்லை. ஆயங்கள் (புள்ளிகளின் இடத்தைச் சொல்லும் எண்கள்) யூடிஎம் என்ற உலக வரைபட முறையில் இருந்தன. அதில் காரைக்குடிக்கு வடக்கு ஆயம், அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து தூரம், 11 லட்சம் மீட்டருக்கு மேல். திரையில் காட்டப் பயன்படும் 32 பிட் எண்ணால் அவ்வளவு தொலைவில் 12.5 செ.மீ.க்குக் குறைந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது. கிழக்கு ஆயம் சிறியது என்பதால் அந்தப் பக்கம் சுமார் 1.6 செ.மீ.தான். பட்டை விழுந்தது அதனால்தான்.

இலவசமாகக் கிடைக்கும் கிளவுட்கம்பேர் மென்பொருள், திறக்கும்போதே ஆயங்களை நகர்த்தட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்வதோடு, சேமிக்கும்போது பழைய ஆயத்துக்கே திருப்பும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். நகர்த்திய அளவைக் குறித்து வையுங்கள், சர்வேயர் கேட்பார்.

அப்புறம் கிராஸ்ஹாப்பர். ஒரு கோடிப் புள்ளிகளை லிஸ்டாக விட்டால் ஒவ்வொன்றையும் தனிப் பொருளாக எடுத்துக்கொண்டு ஹேங் ஆகிவிடும். வால்வாக்ஸ் பிளக்கின் மொத்தத்தையும் ஒரே பொருளாக வைத்துக்கொள்ளும். ரைனோ 8 என்றால் கிராஸ்ஹாப்பரே பாயிண்ட் கிளவுடைப் புரிந்துகொள்கிறது. எப்படியானாலும் வேண்டிய துண்டை மட்டும் வெட்டிய பிறகே புள்ளிகளாகப் பிரிக்க வேண்டும்.

ஒவ்வொரு தூணையும் 10 செ.மீ.க்கு ஒன்றாக மெல்லிய வில்லைகளாக வெட்டி, புள்ளிகளுக்குப் பொருந்தும் வட்டத்தைத் தரும் சர்க்கிள் ஃபிட் காம்பொனென்டில் விட்டேன். மையங்களைக் கோடாக இணைத்தால் சாய்வு பளிச்சென்று தெரிகிறது. அதே காம்பொனென்ட் தரும், வட்டத்திலிருந்து புள்ளிகளின் அதிகபட்ச விலகலையும் பாருங்கள். ஒரு தூணில் இடுப்பு உயரம் வரைக்கும் அது எகிறியது. போய்ப் பார்த்தால், தூணில் விளக்குமாறு சாத்தி வைத்திருக்கிறார்கள்!

மறுமொழி:
விளக்குமாறு பரவாயில்லை. நான் எடுத்த வீட்டு ஹாலில் பெரிய பெல்ஜியம் கண்ணாடிகள். பிரதிபலிப்பால் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஹால் முழுசாக வந்து நின்றது. பெட்டி போட்டு வெட்டித் தள்ளினேன். இப்போதெல்லாம் முதலிலேயே கண்ணாடிக்குத் துணி போட்டுவிடச் சொல்கிறேன்.

மறுமொழி:
மெஷ் (புள்ளிகளை மூடும் வலைப் பரப்பு) வேண்டுபவர்களுக்கு: ரைனோ 8இன் ஷ்ரிங்க்ராப் கட்டளை பாயிண்ட் கிளவுடையே நேரடியாக வாங்கிக்கொள்ளும். ஆனால் மரச் செதுக்கல்கள் உருகிய மெழுகு மாதிரி வரும். அந்த இடங்களை மட்டும் தனியாக, நெருக்கத்தில் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.