புதுப்பிப்பு: அம்மாவுடன் ஆல்ப்ஸில் சைக்கிள், போய்வந்துவிட்டோம்

இத்தாலியின் சான் கேன்டிடோவிலிருந்து ஆஸ்திரியாவின் லீன்ஸ் வரை, சைக்கிளை விட்டுப் பல வருடமான அம்மாவால் வர முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடிந்தது! தைரியம் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னபடி லீன்ஸில் தங்கி, காலை ரயிலில் மேலே போனோம். இறங்கிய ஊரிலேயே சைக்கிளை வாடகைக்கு எடுத்து லீன்ஸில் திருப்பிக் கொடுத்தோம். அதனால் சாயங்காலக் கூட்டத்தில் சைக்கிளை ரயிலில் ஏற்றும் சிரமம் இருக்கவில்லை.

பாதை சுமார் 44 கிலோமீட்டர். மொத்தத்தில் 500 மீட்டர் இறக்கம், பெரும்பாலும் மிதமானது. சிலியானுக்குப் பிறகு காட்டுக்குள் வரும் சில சரிவுகளில் மட்டும் பிரேக்கில் கை வைத்தே வந்தோம்.

கூடவே ஓடி வரும் திராவா நதியை அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சான் கேன்டிடோவுக்குப் பக்கத்து ஊரான டோப்லாக்கில்தான் அது பிறக்கிறது. அங்கேயே ஒரு நீர்ப்பிரிமேடு: திராவா டான்யூபில் கலந்து கருங்கடலுக்குப் போகிறது, சற்றுத் தள்ளி ஓடும் ரியன்ஸ் நதியின் தண்ணீரோ ஏட்ரியாட்டிக் கடலுக்கு. இதைச் சொன்னதும் அம்மா சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம், எல்லையில் யாரும் நிறுத்தவில்லை. பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்கட்டும்.