எங்கள் எள்ளுவுக்கு வருடா வருடம் புள்ளி கூடியது எப்படி? டால்மேஷன் வளர்த்தவர்கள் சொல்லுங்கள்

குன்னூர்ப்பேத்தி:

வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷன் நாய் வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள். சின்ன வயதிலிருந்து மனதில் கிடக்கும் சந்தேகம் இது.

1993-லிருந்து 1998 வரை, முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே நானும் சித்தி மகனும் சேலத்திலிருந்து குன்னூர் தாத்தா வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறி, கல்லாறு தாண்டி பல்சக்கரம் கடகடவென்று பிடிக்கத் தொடங்கும்போதே எங்கள் பேச்சு முழுக்க நாயைப் பற்றித்தான் இருக்கும். தாத்தா ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்தார். அந்தத் தோட்டத்து மேனேஜர் மாற்றலாகிப் போகும்போது ஒரு டால்மேஷன் குட்டியைத் தாத்தாவிடம் விட்டுவிட்டுப் போனார். ராஜா என்றுதான் பெயர். ஆனால் அம்மாயி அதை முதல் தடவை பார்த்தபோது, "இதென்ன, எள்ளுச்சோத்தைக் கொட்டி வச்ச மாதிரி இருக்குது" என்றாராம். அன்றிலிருந்து அது எள்ளு.

மதியம் சாப்பிட்டதும் எள்ளு வராந்தாவின் சிவப்பு சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துப் படுக்கும். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு புள்ளி எண்ணுவோம். கழுத்திலிருந்து நான், வாலிலிருந்து அவன், நடுவில் விலா எலும்புப் பக்கம் சந்திக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். நூறு தாண்டும்போது அது சரியாகப் புரண்டு படுத்துவிடும், மறுபடி முதலிலிருந்து. இரண்டு காதும் கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பு, அதை ஒரு புள்ளியாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்று ஒரு முழு மே மாதம் சண்டை போட்டிருக்கிறோம். எண்ணி முடித்த அன்று தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதி அம்மாயியின் அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்துவிடுவோம். 1994-ல் 143. 1996-ல் 171. 1998-ல் 190-ஐத் தாண்டியது. நாங்கள் தப்பாக எண்ணினோம் என்று பெரியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். இல்லை, அது கூடிக்கொண்டுதான் போனது, எனக்கு இன்றைக்கும் சந்தேகமே இல்லை. நாய்க்குப் புள்ளி கூடுமா?

இன்னும் இரண்டு விஷயம். கூப்பிட்டால் எள்ளு திரும்பவே திரும்பாது. "எள்ளூ" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் தேயிலைச் செடிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். மேனேஜர் பங்களாவில் பிறந்தது, அதற்கு அந்தப் பெருமை என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் சித்தி மகன் திட்டுச் சுவரிலிருந்து தொம்மென்று குதித்தால் உடனே திரும்பிப் பார்க்கும். அப்புறம் நாங்கள் பையோடு படி ஏறும்போது முன்பற்கள் எல்லாம் தெரிய உதட்டைச் சுருக்கிக்கொண்டு, உடம்பையே வாலோடு சேர்த்து ஆட்டிக்கொண்டு வரும். கடிக்க வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பயப்படுவார்கள். அது சிரிக்கிறது என்று நாங்கள் சொல்வோம்.

இப்போது ஏன் கேட்கிறேன் என்றால், என் மகளுக்கு ஏழு வயது. கார்ட்டூன் பார்த்துவிட்டு டால்மேஷன் வேண்டும் என்கிறாள். சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட். வளர்க்கலாமா?

நாய்க்கார அண்ணாச்சி:

தங்கச்சி, நீங்கள் எண்ணியது சரி. பெரியவர்கள் சொன்னதுதான் தப்பு.

எங்கள் வீட்டில் 2004-ல் ஒரு டால்மேஷன் ஒன்பது குட்டி போட்டது. ஒன்பதும் சுத்த வெள்ளை. பிறக்கும்போது ஒரு புள்ளிகூட இருக்காது, இந்த இனத்தின் விசேஷமே அதுதான். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு நாள் குட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபோது, வெள்ளை முடிக்குக் கீழே தோலில் சாம்பல் நிறத்தில் லேசாக என்னவோ தெரிந்தது. அழுக்கு என்று நினைத்து என் சம்சாரம் ஈரத்துணி வைத்துத் துடைத்தாள், துடைக்கத் துடைக்க இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஒரு மாதத்தில் நல்ல கறுப்பாகிவிட்டது. அத்தோடு நிற்காது. பொடிப்பொடியாகப் புதுப்புள்ளி வாழ்நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும், வேகம்தான் குறையும். 143 எப்படி 190 ஆனது என்பதற்குப் பதில் இதுதான். ஒன்று தெரியுமா, நீங்கள் அதைக் குளிப்பாட்டும்போது எண்ணியிருந்தால் கணக்கு இன்னும் எகிறியிருக்கும். முடி நனைந்து ஒட்டிக்கொண்டால், வெளியே தெரியாத புள்ளிகளும் தோலில் தெரியும்.

பிறக்கும்போதே கறுப்பு இருந்தால் அது புள்ளி இல்லை, பேட்ச். பெரும்பாலும் காதிலோ கண்ணைச் சுற்றியோ ஓரம் வெட்டினாற்போல் இருக்கும். போட்டிக்குக் கொண்டுபோனால் அதைக் குறையாகச் சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். சில காதுகளில் புள்ளிகளே நெருங்கிச் சேர்ந்து கறுப்பாகத் தெரியும், அது வேறு. உங்கள் எள்ளுவுக்கு இரண்டில் எது என்று குட்டியில் பார்த்த மேனேஜருக்குத்தான் தெரியும். புள்ளியாக இருந்தால் ஒரு காதுக்கு ஒன்று என்று எண்ணுவதுதான் நியாயம்.

சிரிப்பது உண்மை. எங்கள் பெண்நாயும் சிரிக்கும். எல்லா டால்மேஷனும் சிரிக்காது, சிரிக்கிற வம்சம் என்று இருக்கிறது.

வெட்னரி அக்கா:

குன்னூர்ப்பேத்தி, கூப்பிட்டால் திரும்பாது, சுவரிலிருந்து குதித்தால் திரும்பும் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் மற்றதெல்லாம் எனக்குப் பின்னால் போய்விட்டது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனாலும் எள்ளுவுக்கு அநேகமாகக் காது கேட்டிருக்காது அம்மா. குதித்தபோது அதிர்ச்சி தரை வழியாகப் போய் அதன் உடம்பில் தெரிந்திருக்கும், அதனால் திரும்பியிருக்கும்.

டால்மேஷனில் இது அபூர்வமே இல்லை. அமெரிக்காவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டால்மேஷன்களுக்குச் சோதனை செய்து பார்த்ததில், 100-க்கு 8 நாய்க்கு இரண்டு காதும் கேட்கவில்லை, இன்னொரு 22 நாய்க்கு ஒரு காது மட்டும் கேட்கவில்லை. வெள்ளைதான் காரணம். தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் அதே வகை செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். உடம்பை இவ்வளவு வெள்ளையாக்கும் மரபணு அந்தச் செல்களைக் காதுக்குள்ளும் போகவிடாமல் செய்துவிட்டால், குட்டி பிறந்த மூன்று நான்கு வாரத்தில் உள்காதின் நரம்பு செல்கள் வாடிவிடும். குட்டி எதையும் உணராது, வலியும் கிடையாது. அண்ணாச்சி சொன்ன பேட்ச் இருக்கிற குட்டிகளுக்கு இந்தக் குறை குறைவு என்பது கவனித்துச் சொன்ன விஷயம், போட்டியில் ஒதுக்கப்படும் குட்டிக்குத்தான் காது நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். நீலக் கண் இருந்தால் செவிட்டுத்தன்மைக்கு வாய்ப்பு கூடுதல்.

வீட்டில் யாராவது அதை வாயால் கூப்பிடாமல் வேறு விதமாகக் கூப்பிடுவார்களா? யோசித்துப் பாருங்கள்.

குன்னூர்ப்பேத்தி:

அக்கா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. நாங்கள் எவ்வளவு கத்தியிருப்போம். ராத்திரி அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

ராஜபாளையத்துக்காரன்:

வெட்னரி அக்கா சொல்வது எங்கள் ஊர் நாய்க்கும் அப்படியே பொருந்தும். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு, அதுதான் அசல் ராஜபாளையம் என்று எல்லோரும் தேடித்தேடி வாங்குகிறார்கள், அந்த வெள்ளையோடு சேர்ந்து காது கேட்காத குட்டியும் ஈட்டுக்கு ஈடு வருகிறது. 2005-ல் அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது எங்கள் நாயும் அதில் இருந்தது, தாத்தா அதை வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்டினார். அவரும் குட்டி வாங்க வருகிறவர்களுக்கு முன்னால் ஒரு பித்தளைத் தட்டைக் குட்டிக்குப் பின்னால் தட்டிக் காட்டித்தான் கொடுப்பார். தட்டைக் குட்டி பார்க்கக் கூடாது, காற்றும் படக் கூடாது. தட்டினால் ஒரு காது கேட்காத குட்டி தப்பித்துவிடும், அதற்கு மெஷின் சோதனைதான் வழி.

கப்பல்காரர்:

ஜீப்பைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் மேனேஜர் பங்களா நாய் என்றதும் கேட்கத் தோன்றுகிறது, எள்ளு வண்டிக்குப் பக்கத்தில் ஓடுமா? ஓடியிருக்கும். அதற்காகவே வளர்க்கப்பட்ட நாய் அது. இங்கிலாந்தில் பணக்காரர்களின் குதிரை வண்டியோடு, அச்சுக்குக் கீழேயே, குதிரையின் பின்னங்கால் பக்கத்தில் ஓடும். தெரு நாய்களைக் குதிரையிடம் நெருங்க விடாது, ராத்திரி லாயத்தில் காவலுக்குப் படுக்கும். அமெரிக்காவில் தீயணைப்பு வண்டியைக் குதிரை இழுத்த காலத்தில் அங்கேயும் இதைத்தான் வைத்திருந்தார்கள், குதிரை போய் மோட்டார் வந்த பிறகும் நாய் மட்டும் ஸ்டேஷனில் தங்கிவிட்டது. அங்கே இன்றைக்கும் குதிரைக்குப் பக்கத்தில் 25 மைல் ஓடி முடிக்கும் டால்மேஷனுக்குப் பட்டம் கொடுக்கிறார்கள். 25 மைல் என்றால் 40 கிலோமீட்டர்.

நான் குரோஷியாவின் ஸ்ப்லிட் துறைமுகத்துக்கு நான்கு முறை போயிருக்கிறேன். அந்தக் கடற்கரைக்குப் பெயர்தான் டால்மேஷியா. முதல் தடவை தெருவுக்குத் தெரு புள்ளி நாய் நிற்கும் என்று எதிர்பார்த்து இறங்கினேன், மொத்தம் ஒன்றுதான் பார்த்தேன், அதுவும் ஒரு மீன் கடை வாசலில் தூங்கிக்கொண்டிருந்தது. வெலி லொஷிஞ் என்ற தீவு ஊரில் உள்ள மாதா கோயில் ஓவியம் ஒன்றில் இந்த நாய் இருக்கிறது, 1600-க்கும் 1630-க்கும் இடையில் வரைந்தது. ஸாஓஸ்ட்ரோக் என்ற ஊரின் மடத்திலும் ஒன்று உண்டு.

திருச்சி ஜெராக்ஸ்:

பேத்தியின் மகள் பார்த்த கார்ட்டூன் டிஸ்னியின் '101 டால்மேஷன்ஸ்' ஆகத்தான் இருக்கும், 1961-ல் வந்தது. எங்கள் தொழிலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது, வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் சொல்வேன். அதுவரை ஒவ்வொரு படத்தையும் கண்ணாடி மாதிரியான தாளில் ஆட்கள் கையால் மை போட்டுப் பிரதி எடுத்தார்கள். 99 குட்டிக்கும் ஒவ்வொரு ஃபிரேமிலும் கையால் புள்ளி வைப்பது ஆகிற காரியமா? அதனால் பென்சில் படத்தை அப்படியே ஜெராக்ஸ் முறையில் தாளில் ஏற்றினார்கள். குட்டிக் கூட்டத்தை ஒரு தடவை வரைந்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். கோடுகள் கொஞ்சம் கரடுமுரடாக, பென்சில் மாதிரியே தெரிவது அதனால்தான். அடுத்த முறை பார்க்கும்போது மகளுக்குக் காட்டுங்கள்.

வெட்னரி அக்கா:

ஃபிளாட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கப்பல்காரர் எழுதிய 40 கிலோமீட்டரைத் திரும்பப் படியுங்கள். அந்த உடம்பை மூன்றாவது மாடியில் பூட்டி வைத்தால் அது சோபாவைத் தின்னும். காலையும் மாலையும் ஒரு மணி நேரம் ஓட்ட ஆள் இருந்தால் மட்டும் யோசியுங்கள். சென்னை வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும், முடி குட்டை, தோல் வெள்ளை, வெயில் பட்டால் சிவந்துவிடும்.

இன்னொன்று சாப்பாடு, இதில்தான் நம் ஊரில் தெரியாமல் தப்பு நடக்கிறது. மற்ற நாய்கள் யூரிக் அமிலத்தை உடைத்து, தண்ணீரில் சுலபமாகக் கரையும் பொருளாக மாற்றி வெளியேற்றிவிடும். டால்மேஷனால் அது முடியாது, பெரும்பகுதி யூரிக் அமிலமாகவே சிறுநீரில் போகும், அதனால் கல் உருவாகும். ஆண் நாய்க்குச் சிறுநீர்க் குழாய் குறுகல், கல் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. எனவே ஈரல், குடல், மத்தி, நெத்திலி எதுவும் கூடாது. தண்ணீர் எப்போதும் பாத்திரம் நிறைய இருக்க வேண்டும், அடிக்கடி வெளியே அழைத்துப் போக வேண்டும். 1973-ல் அமெரிக்காவில் ஒருவர் ஒரே ஒரு முறை பாயின்டர் நாயோடு சேர்த்து, அதன் பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடு மட்டும் சேர்த்து, இந்தக் கோளாறு இல்லாத வம்சத்தை உருவாக்கினார். அந்த வம்சத்தை அங்கே முறையாகப் பதிவுக்கு ஏற்றுக்கொள்ள 2011 ஆகிவிட்டது. நம் ஊரில் விற்கிற குட்டி அந்த வம்சமா என்று கேட்காமலே எல்லோரும் வாங்குகிறார்கள், எனக்கு இதில் கோபமே உண்டு.

மகளின் ஆசைக்கு ஒரு வழி இருக்கிறது. மே மாதம் ஊட்டியில் நாய்க் கண்காட்சி நடக்கும். கூட்டிப் போங்கள். நேரில் பார்க்கட்டும், எண்ணட்டும்.

குன்னூர்ப்பேத்தி:

அம்மாவிடம் பேசினேன். தாத்தாவுக்கு முதல் வாரமே தெரியுமாம். குக்கர் விசில் அடித்தபோது வீடே திரும்பியும் குட்டி அசையாமல் படுத்திருந்ததைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். எங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் சொன்னாராம். தெரிந்தால் பிள்ளைகள் அதைப் பாவம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், விளையாட மாட்டார்கள் என்று.

அக்கா கேட்டது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. தாத்தா அதை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு உதறு உதறுவார், எங்கிருந்தாலும் ஓடி வரும். ராத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு டார்ச்சை அணைத்து அணைத்து எரியவிடுவார். காட்டெருமை வந்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நாங்கள் போர்வைக்குள் நடுங்குவோம். அது சாப்பிடக் கூப்பிடும் சத்தம். எள்ளுவுக்கு அதுதான் சத்தம்.

கப்பல்காரர் சார், ஓடும். கொழுந்து மூட்டை ஏற்றின டிராக்டரின் பின்சக்கரத்தை ஒட்டியே ஃபேக்டரி வரைக்கும் ஓடும், தாத்தா டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துண்டை வெளியே தொங்கவிட்டிருப்பார்.

நாய் இப்போது வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். மே மாதம் ஊட்டி போகிறோம். மகள் நோட்டும் பென்சிலும் எடுத்து வைத்துவிட்டாள்.

சித்தி மகன் இப்போது துபாயில் இருக்கிறான், அவனுக்கும் ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "கடைசியில் காதை ஒன்றாக எண்ணினோமா, இரண்டாகவா?" என்று கேட்டான்.

இரண்டாகத்தான்.