ஸ்பெயினில் வந்தால் ருமேனியாவில் போகணுமா? 'ப்ளிகாரே' பஞ்சாயத்து

கடலோடி: ஸ்பானிஷ் ஓரளவு தெரியும், இப்ப ருமேனியன் படிக்கிறேன். நேத்து பாடத்துல 'ப்ளெகா'ன்னு ஒரு சொல். கிளம்புன்னு அர்த்தம். வேர் தேடினா லத்தீன் 'ப்ளிகாரே', அதாவது மடிக்கிறது. ஸ்பானிஷ்ல வந்து சேர்றதுக்குச் சொல்ற 'யெகார்' இருக்கே, அதுக்கும் இதே வேர்தான்! ஒரு வயித்துப் பிள்ளைங்க, ஒண்ணு வருது, ஒண்ணு போகுது. காரணம் இதுதான்: ஸ்பெயின் பக்கம் மாலுமிங்க கரைக்கு வந்ததும் பாயை மடிச்சாங்க. ருமேனியா பக்கம் ரோமானியச் சிப்பாய்ங்க கிளம்புறப்போ கூடாரத்தை மடிச்சாங்க. என்ன அழகு பாருங்க!

சுவடிப்பெட்டி: அந்த அழகுதான் இடிக்குது. வெர்ஜிலோட லத்தீன் காவியம் ஏனியட், அதோட 3ஆம் காண்டத்துல நீங்க சொல்ற காட்சி அப்படியே இருக்கு. கரை தெரியுது, ஆட்கள் பாயைச் சுருக்கி முகப்பைக் கரைப்பக்கம் திருப்புறாங்க. வெர்ஜில் போட்ட வினை 'லெகுன்ட்', 'ப்ளிகாரே' இல்ல. கூடாரத்தைப் பிரிக்கிறதுக்கு சீசர் எழுதினது 'டெடென்டெரே'. அதுவும் வேற.

கடலோடி: வெர்ஜில் எழுதினது காவியம். லத்தீன்ல இருந்து பிறந்த ரோமன்ஸ் மொழிகள் காவியத்துல இருந்தா வந்துச்சு? சந்தைப் பேச்சு, பாளையப் பேச்சுல இருந்து வந்துச்சு. ருமேனியன்ல வயசானவருக்கு 'பட்ரின்'. மூலம் 'வெடெரானுஸ்', ஓய்வுபெற்ற படைவீரன். அந்த மொழியில சிப்பாய் வாடை இல்லைன்னு சொல்லிடுவீங்களா?

சுவடிப்பெட்டி: வாடை இருக்கலாம், கூடாரம் எங்கே? டேசியாவை, அதாவது இன்னைக்கு ருமேனியா இருக்கிற பக்கத்தை, ரோமப் பேரரசர் டிராஜன் பிடிச்சது கி.பி. 106ல. ரோமானியப் படைப்பிரிவான 13ஆம் லெஜியன் அபூலும்ல, அதாவது இன்னைக்கு ஆல்பா யூலியால உட்கார்ந்தது. பின்னால வந்த பேரரசர் ஆரேலியன் 270களின் தொடக்கத்துல படையைத் திருப்பிக் கூப்பிடுற வரைக்கும் அங்கேதான். நூத்தி அறுபது வருஷமா கல்கோட்டைக்குள்ள இருந்தவன் எந்தக் கூடாரத்தை மடிச்சான்?

புதுசு: குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். 'ப்ளி' எப்படி 'யெ' ஆச்சு?

மலைப்பாதை: 'நிறைந்த'ங்கிற சொல்லைப் பாருங்க. லத்தீன் 'ப்ளேனுஸ்', ஸ்பானிஷ் 'யேனோ', போர்த்துகீஸ் 'ஷெய்யு', ருமேனியன் 'ப்ளின்'. அதே தடத்துல 'யெகார்', 'ஷெகார்', 'ப்ளெகா'. ஒலியில யாருக்கும் தகராறு இல்ல, பொருள்லதான் சண்டை. ஸ்பெயின் பக்கத்துக்குப் பாயே தேவையில்லை. 'அப்ளிகாரே'ன்னு ஒரு சொல் லத்தீன்ல நல்லாவே புழங்கியிருக்கு. ஒண்ணோட ஒண்ணு சேர்த்து வை, கப்பல் விஷயத்துல கரை அணை. சிசிலியில இன்னைக்கும் வந்து சேர்றதுக்கு 'அக்கிகாரி', அந்த 'அப்ளிகாரே'யோட வழிதான். அப்புறம் எகேரியா. 4ஆம் நூற்றாண்டுக் கடைசியில சினாய், ஜெருசலேம் எல்லாம் போய்வந்து, ஊர்ல இருந்த சகோதரிகளுக்கு எழுதின யாத்ரீகர். வடமேற்கு ஸ்பெயின்காரங்கன்னு பலர் நினைக்கிறாங்க. அந்தம்மா முன்னொட்டு இல்லாம வெறும் 'ப்ளிகாரே'யையே 'நெருங்கு'ன்னு எழுதறாங்க. அது ஊரை நெருங்குறது, துறைமுகத்தை இல்ல.

கடலோடி: கரை அணையறதுன்னு நீங்களே சொல்றீங்க, அப்ப மாலுமி எனக்குத்தான்! வந்து சேர்றதுக்குச் சொல்ற பிரெஞ்சு 'அரிவே', இத்தாலியன் 'அர்ரிவாரே' ரெண்டும் கரையைக் குறிக்கிற லத்தீன் 'ரீபா'வுல இருந்து வந்ததுதானே?

மலைப்பாதை: மாலுமியை எடுத்துக்கோங்க. பாயைக் கீழ வைங்க.

திண்ணை: நாமளும் கிளம்புறப்போ 'வரேன்'னுதானே சொல்றோம்? இதுக்கா இவ்ளோ பஞ்சாயத்து!

சுவடிப்பெட்டி: திண்ணை, அது மங்கலத்துக்காகச் சொல்றது. 'வரேன்'னதும் ஆள் போயிடுவாரே தவிர, 'வா'வுக்கு 'போ'ன்னு அர்த்தம் மாறிடல. ருமேனியன்ல அர்த்தமே மாறிப்போச்சு. எனக்குத் தோணுறது, அங்கே மடிப்பைவிட வளைவு முக்கியம். தலையைத் தாழ்த்துறதுக்கும் இன்னைக்கு வரைக்கும் இதே 'ப்ளெகா'தான். வளை, சாய், ஒரு பக்கமாத் திரும்பு, கிளம்பு. இந்த வழியில கூடாரம் குறுக்கிடவே இல்ல.

கடலோடி: சாயறதுல இருந்து கிளம்புறதுக்கு நீங்க தாண்டினது சின்னத் தாவலா? என் கூடாரத்தைவிட அது பெரிசு. ஸ்பெயினோட வடகிழக்குல பேசுற காடலான் மொழிப் பக்கம் வாங்க. அங்கே 'ப்ளெகார்'னா மடி. சாயங்காலம் வேலையை முடிக்கிறதுக்கும் அதே சொல். 'எத்தனை மணிக்கு ப்ளெகார்?'னா, கடையை எப்பக் கட்டுவேன்னு அர்த்தம். மடிப்புல இருந்து கிளம்புறதுக்குப் பாதி வழி வந்தாச்சா இல்லையா? நாமளும் மூட்டை கட்டுறோம், பாயைச் சுருட்டுறோம். அதாவது படுக்கிற பாய், சுவடி பதறவேணாம்.

சுவடிப்பெட்டி: காடலான் உதாரணம் நல்ல அடி, ஒத்துக்கறேன். மடிச்சு வெச்சதும் கிளம்புறது மனுஷ வழக்கம்தான். ஆனா அதுக்கு லெஜியன் எதுக்கு? பட்டறைக்காரன் போதும், ஆடு மேய்ச்சுட்டு மலை இறங்குற இடையன் போதும்.

கடலோடி: இடையனுக்கும் ராத்தங்க ஒரு கூடாரம் வேணுமில்ல? சிப்பாயை நீங்க வெச்சுக்கோங்க. கூடாரத்தைத் தரமாட்டேன்.