டி-டியூப் பையில் பித்தம் திடீரென்று குறைந்துவிட்டது, பயப்பட வேண்டுமா?

குடந்தைக்காரி:
வணக்கம். அம்மாவுக்கு 67 வயது. பித்தப்பையில் கல், பித்தக் குழாயிலும் கல். முதலில் இ.ஆர்.சி.பி. செய்து, அதாவது வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு, எடுக்கப் பார்த்தார்கள். கல் பெரிது, வரவில்லை. வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். இன்று 11ஆம் நாள். ஆறாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், வலது விலாவுக்குக் கீழே டி-டியூப் என்கிற ரப்பர் குழாயும் (பித்தம் வெளியே வடியப் பித்தக் குழாயில் வைத்தது) அதன் முனையில் ஒரு பையுமாக.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "14ஆம் நாள் டி-டியூப் கொலாஞ்சியோகிராம்" என்று ஒரே வரி. வேறு ஒன்றும் சொல்லவில்லை. பையைக் காலி செய்வது எப்படி என்பதையே பக்கத்துக் கட்டில் பாட்டியின் மருமகள்தான் காட்டிக்கொடுத்தாள்.

தினமும் காலை ஆறு மணிக்கு அளந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைக்கிறேன். 420, 390, 400, 310 மில்லி. இன்று 130தான். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, இரண்டு இட்லி சாப்பிட்டார். குழாய் அடைத்துவிட்டதா? அத்தை வேறு "பித்தமெல்லாம் வெளியே போகுதே, கீழாநெல்லி அரைத்துக் கொடு" என்று காலையிலிருந்து நிற்கிறார். அந்த கொலாஞ்சியோகிராம் என்றால் மறுபடி மயக்க ஊசியா?

வார்டு_சிஸ்டர்:
22 வருடம் சர்ஜரி வார்டில் இருந்தவள். முதலில் ஒன்று சொல்லுமா, அம்மாவுக்கு மலம் என்ன நிறத்தில் போகிறது? பையை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். பித்தம் குடலுக்கு இறங்கினால்தான் மலத்துக்கு அந்த மஞ்சள் பழுப்பு வரும். சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனால் இறங்கவில்லை என்று அர்த்தம். ஆபரேஷன் வீக்கம் வடிய வடிய பித்தம் தன் பழைய வழியில் போக ஆரம்பிக்கும், பையில் குறையும். அது நல்லதுதான்.

ஆனால் குறைந்ததோடு வயிற்று வலி, குளிர் காய்ச்சல், கண் மஞ்சள், குழாயைச் சுற்றித் துணி நனைவது, இதில் எது வந்தாலும் உடனே கிளம்பிவிடு, ராத்திரி என்று பார்க்காதே. ஒன்றும் இல்லையென்றாலும் இன்றைக்கே வார்டுக்குப் போன் போட்டு 130 என்று சொல்லிவிடு.

அதற்கு முன் நைட்டியைத் தூக்கிக் குழாயை முழுசாகப் பார். எங்காவது மடங்கியிருக்கும். பை எப்போதும் வயிற்றுக்குக் கீழே இருக்க வேண்டும். தலையணைப் பக்கம் வைத்தால் பித்தம் திரும்பி உள்ளே ஓடும். அடைப்பு எடுக்கிறேன் என்று நீயாக ஊசியில் தண்ணீர் ஏற்றாதே. கீழாநெல்லியை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதே, அத்தை கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும்.

குடந்தைக்காரி:
சிஸ்டர், பார்த்தேன். மலம் நேற்றிலிருந்து மஞ்சளாகத்தான் போகிறதாம், கேட்டதற்கு வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். ஆனால் குழாய்! பையைப் பாவாடை நாடாவோடு சேர்த்து ஊக்குக் குத்தி வைத்திருக்கிறார், வாசலில் உட்கார்ந்து கீரை ஆய வசதியாக. ஊக்குக்குக் கொஞ்சம் மேலே குழாய் மடிந்து கிடந்தது. நிமிர்த்தியதும் பத்து நிமிடத்தில் பச்சையும் மஞ்சளுமாக இறங்கியது. வார்டிலும் சொல்லிவிட்டேன். மாலை மறுபடி அளக்கச் சொன்னார்கள்.

எக்ஸ்ரே_ரூம்:
நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். மயக்க ஊசியெல்லாம் இல்லைங்க. குழாய் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதே, அதன் வழியாகவே அயோடின் கலந்த சாயத்தை மெதுவாக விட்டு, எக்ஸ்ரே திரையில் ஓடவிட்டுப் பார்ப்போம். கல் மிச்சம் இருக்கிறதா, எங்காவது கசிகிறதா, சாயம் சிறுகுடலுக்குத் தடையில்லாமல் இறங்குகிறதா, இந்த மூன்றுதான் பார்ப்பது. முன்பு எந்தச் சாய ஊசிக்காவது தடிப்பு, மூச்சிரைப்பு வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

எங்களை ஏமாற்றுவது காற்றுக் குமிழிதான். படத்தில் அசல் கல் மாதிரியே வட்டமாகத் தெரியும். மேசையைச் சாய்த்து, ஆளைத் திருப்பிப் படுக்க வைத்தால் குமிழி மேலே ஏறும், கல் கீழே தங்கும். அதனால் "மறுபடி திரும்பிப் படுங்க" என்றால் அலுத்துக்கொள்ள வேண்டாம்.

திருச்சி_தாத்தா:
எனக்கும் இருந்தது, 19 நாள். குளிக்கும்போது குழாயைச் சுற்றி நனைக்காமல், மற்ற இடத்தைத் துடைத்துக்கொண்டேன். பித்தம் பட்ட தோல் வெந்த மாதிரி எரியும், துத்தநாகக் களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். எடுக்கும்போது ஓர் இழுப்பு, அவ்வளவுதான். "மூச்சை விடுங்க" என்றார், நான் திட்டுவதற்குள் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

குடந்தைக்காரி:
நேற்றுப் போய் வந்தோம். சாயம் குடலுக்கு நன்றாக இறங்கியது, கசிவு இல்லை. ஆனால் திரையில் இரண்டு வட்டம். அம்மாவை இடது பக்கம் திருப்பினார்கள், ஒன்று நகர்ந்து மறைந்தது. இன்னொன்று அப்படியே நின்றது. சின்னக் கல்லாம். குழாயைச் சுற்றித் தழும்பு கெட்டியாகி ஒரு பாதை உண்டாக வேண்டும், ஆறு வாரம் கழித்து அந்தப் பாதை வழியாகவே கம்பிக் கூடை விட்டு எடுக்கலாம், வயிற்றைத் திறக்க வேண்டாம் என்றார் டாக்டர். அதுவரை குழாய் இருக்கும்.

காரில் அம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய ரவிக்கைத் துணி இரண்டை எடுத்துத் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டார். தோளில் மாட்டி இடுப்புக்குக் கீழே தொங்கவிடுகிற மாதிரி ஒரு உறை, பைக்கு. குழாய் மடங்காமல் இருக்கப் பக்கத்தில் ஒரு வாய் வெட்டியிருக்கிறார். சிஸ்டர், அது போதுமா, இல்லை வாயை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டச் சொல்லட்டுமா?