புதுப்பிப்பு: கச்சேரி முடிந்து கலைஞரைச் சந்திக்கப் போகிறவர்களுக்கு

மார்கழிக் கச்சேரிக்குப் பின் கையெழுத்து வாங்கக் கறுப்பு மார்க்கர் போதும் என்று முந்தைய இழையில் எழுதியது பாதிதான் சரி. அடர்நிற இசைத்தட்டு உறையில் அது தெரியவே தெரியாது. வெள்ளி நிற பெயின்ட் மார்க்கர் வாங்குங்கள். மூடியோடு நன்றாகக் குலுக்கி, வேறு தாளில் முனையை அழுத்தி மை இறங்கிய பிறகே நீட்டுங்கள். உறைமேலேயே அழுத்தினால் பொட்டென்று ஒரு சொட்டு விழும், எடுக்க வழியில்லை. பளபளப்பான புகைப்படத்தில் ஜெல் பேனா வேண்டவே வேண்டாம். மை ஊறாமல் மேலேயே நிற்கும், விரல் பட்டால் இழுகும். எந்த மையானாலும் நன்கு காய்ந்த பிறகுதான் பிளாஸ்டிக் உறை.

நிறைவுப் பாடலான மங்களம் முடிந்த கையோடு மேடையேறாதீர்கள். தம்புராவும் மிருதங்கமும் உறைக்குள் போகட்டும். கைகுலுக்க வேண்டாம், வணக்கம் போதும். வயலின் விரல்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உழைத்திருக்கும். பக்கவாத்தியக்காரரிடமும் கையெழுத்துக் கேளுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள்.